நாரி முறிந்தோரும் நாட்டின் முதுகெலும்பும்

ஆண்டுதோறும் எமது மாணாக்கர் கட்டுரை எழுதுகின்றனர். 'உழவர் பெருமை' என்பது தலைப்பாயின், பத்துத் தாள்களில் எட்டிலேனும் ஒரு வாக்கியம் தவறாது வந்து நிற்கும்: விவசாயி நாட்டின் முதுகெலும்பு. தலைப்பைத் 'தொழிலாளர் தினம்' என்று மாற்றினால், விவசாயி இருந்த இடத்தில் தொழிலாளி வந்து அமர்வான். முதுகெலும்பு மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையாது. நாமும் சிவப்பு மையினால் அதன் கீழே ஒரு கோடிட்டு 'நன்று' என எழுதிவிடுகின்றோம். மேடையேறும் அரசியல்வாதி சொல்வதும் அதுவே. பத்திரிகையின் தலையங்கம் சொல்வதும் அதுவே. எல்லார் வாயிலும் இத்துணை எளிதாகப் புழங்கும் ஒரு சொல், எவர் நெஞ்சிலும் பொருளோடு தங்குவதில்லை என்பது மொழி கற்பிப்போர் அறிந்த உண்மை.

அண்மையில் எமது வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: "சேர், முதுகெலும்பு நிமிர்ந்து நிக்கிறதுக்குத்தானே? எங்கட அப்பா தோட்டத்தில குனிஞ்சுதானே நிக்கிறார்?" வகுப்பு சிரித்தது. நாம் சிரிக்கவில்லை, விடையும் கூறவில்லை. அன்று கூறாத விடையைத் தேடிச் சென்றதன் விளைவே இக்கட்டுரை. சொல்லின் வரலாற்றைத் தேடப் புகுந்த நாம், எம் குடாநாட்டு மக்களின் வரலாற்றிலே வந்து நின்றோம்.

முதலிற் சொல்லை நோக்குவோம். முதுகும் எலும்பும் கூடி அமைந்த எளிய தொகைச்சொல் இது. எலும்பினைப் பழந்தமிழ் பெரிதும் 'என்பு' என்றே வழங்கிற்று. எலும்பில்லாத சிற்றுயிர் வெயிலிற் காய்ந்து மடிவதை, அன்பில்லாதவனை அறம் வருத்துவதற்கு உவமையாக்கினார் வள்ளுவர். யோக நூல்கள் இவ்வெலும்பினை வீணையின் தண்டாகக் கண்டு 'வீணாத்தண்டு' என்றன. தமிழ்நாட்டார் 'முதுகுத்தண்டு' என்பதை, இலங்கைப் பாடநூல்கள் 'முள்ளந்தண்டு' என்கின்றன. அங்கே தண்டுவடம், இங்கே முண்ணாண். அங்கே முதுகெலும்பிகள், இங்கே முள்ளந்தண்டுளிகள். கடலின் இரு கரையிலும் ஒரே எலும்பு இரு பெயர் பூண்டு நிற்கின்றது. ஆனால், யாழ்ப்பாணத்து உழைப்பாளியின் வாயில் இவற்றுள் எதுவும் இல்லை. அவன் அறிந்த சொல் 'நாரி'. இலக்கியத்திலே பெண்ணையும் வில்லின் நாணையும் குறிக்கும் அச்சொல், இம்மண்ணிலே இடுப்பின் பின்புறத்தைக் குறிக்கும். 'நாரி நோகுது' என்பான். 'நாரி முறிய வேலை செய்தேன்' என்பான். நாட்டின் முதுகெலும்பு என்று மேடை எவனைப் புகழ்கின்றதோ, அவன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது நாரி முறிந்தது என்பதே. புகழ்மொழிக்கும் பேச்சுமொழிக்கும் இடையே கிடக்கும் இத்தூரம் சிந்திக்கத்தக்கது.

இவ்வெலும்பினைத் தமிழிலே முறையாகக் கற்பித்த பெருமை எம் குடாநாட்டுக்கு உண்டு. 1842இல் 58,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட அகராதியை அச்சிட்டு வெளியிட்ட மானிப்பாயில், 1848ஆம் ஆண்டு அமெரிக்க மிசன் மருத்துவராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன் தமது பணியைத் தொடங்கினார். உள்ளூர் இளைஞரை மருத்துவராக்கினாலன்றித் தம் பணி நிலைக்காது எனக் கண்ட அவர், 1864 முதல் மருத்துவத்தை முற்றிலும் தமிழ்மொழி மூலமே கற்பித்தார். 'அங்காதிபாதம்', 'இரணவைத்தியம்', 'கெமிஸ்தம்' என நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாய்த் தமிழில் வந்தன. எலும்பு எலும்பாக, நரம்பு நரம்பாக மனித உடல் தமிழிலே பெயரிடப்பட்டது. அறுபதுக்கு மேற்பட்ட மருத்துவர்கள் அவரிடம் பயின்று வெளியேறினர். ஆயினும், 1870இல் கொழும்பிலே தோன்றிய வைத்தியக் கல்லூரி ஆங்கிலத்தில் இயங்கிற்று. உத்தியோகமும் மதிப்பும் ஆங்கிலத்தின் வழியே ஓடின. தமிழ் மருத்துவக் கல்வி தொடர்ச்சியற்றுப் போயிற்று. 1873இல் தாயகம் திரும்பி 1884இல் மறைந்த கிறீனின் கல்லறை, அவர் தமிழர்க்கு மருத்துவப் பணியாளராக வாழ்ந்தவர் என்பதையே இன்றும் கூறிக்கொண்டிருக்கின்றது. அவர் செய்தது மதப்பணியின் ஒரு பகுதியே என்பதை நாம் மறக்கவில்லை. எனினும், சாதாரண மக்களின் மொழியிலே அறிவியல் நிமிர்ந்து நிற்கமுடியும் என்று காட்டியவர் அவர் என்பதை மறுப்பது நன்றியன்று.

அந்த அறிவியல் முதுகெலும்பைப் பற்றிக் கூறுவது யாது? முதலாவது, அது ஓர் எலும்பன்று. குழந்தைப் பருவத்தில் 33 எலும்புகள்: கழுத்தில் 7, மார்பின் பின்புறம் 12, நாரியில் 5, அதன் கீழே 5, வாலடியில் 4. வளர்ந்தபின் கீழுள்ள ஐந்தும் ஒன்றாகவும், வாலடி நான்கும் ஒன்றாகவும் இணைந்து, எண்ணிக்கை 26 ஆகின்றது. இரண்டாவது, அது நேரான கோலன்று, வளைவுகள் உடையது. வளைந்து நிமிரவல்லது என்பதாலேயே அது பாரம் தாங்குகின்றது. மூன்றாவது, எலும்புகளுக்கு இடையே மெத்தை போன்ற தட்டுகள் உள. பகல் முழுவதும் பாரம் அழுத்த அவை சிறிது ஒடுங்கும். இரவிற் படுத்துறங்க மீண்டும் விரியும். அதனால் மனிதன் மாலையிலும் பார்க்கக் காலையில் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் உயரமானவன். நான்காவது, எலும்பு உயிருள்ள பொருள். அதற்குக் குருதி வேண்டும். அதன் உள்ளிருக்கும் மச்சையிலே குருதிக் கலங்கள் பிறக்கின்றன. உடலைத் தாங்குவதும் எலும்பு. உடலுக்குக் குருதி தருவதும் எலும்பு. உடலால் ஊட்டப்படவேண்டியதும் எலும்பு.

இந்நான்கு உண்மைகளையும் மனத்திற் கொண்டு உருவகத்துக்கு வருவோம். பழந்தமிழர் முதுகை நோக்கிய நோக்கு வேறு. சங்கப் புலவர்க்கு முதுகு, வீரத்தின் சோதனைக் களம். போரிலே முதுகிற் புண்பட்டான் மகன் என்று கேட்ட முதிய தாய், அது உண்மையாயின் அவனுக்குப் பாலூட்டிய மார்பை அறுத்தெறிவேன் என வாளோடு களம் புகுந்ததைக் காக்கைபாடினியார் நச்செள்ளையார் புறநானூற்றிலே பாடினார். வெண்ணிப் போரிலே கரிகாலனின் கைவேல் மார்பைத் துளைத்து முதுகிலும் புண்ணாக்கியதற்காக நாணி வடக்கிருந்து உயிர்விட்டான் சேரமான் பெருஞ்சேரலாதன். இது அரசரும் மறவரும் வாழ்ந்த உலகின் அறம். களத்திலே முதுகு காட்டாதவன் வீரன். வயலிலே நாள் முழுவதும் முதுகை வானுக்குக் காட்டி நின்றவனைப் பற்றி அந்த அறம் அதிகம் பேசவில்லை.

உழுவோரைச் சிறப்பிக்கப் புகுந்த வள்ளுவரோ அவர்களை உலகத்தார்க்கு ஆணி என்றார். உரைகாரர் அதனைத் தேரின் கடையாணியாக விரித்தனர். தூண், ஆணிவேர், அச்சாணி என்பனவும் நம் பழைய உருவகங்களே. முதுகெலும்பு என்பதைத் துணிவுக்கும் ஆதாரத்துக்கும் உருவகமாக்கும் வழக்கு, ஆங்கிலக் கல்வியோடும் பத்திரிகையோடும் நம்மிடையே பரவியது என்றே எமக்குத் தோன்றுகின்றது. வந்தது தவறன்று. ஆனால், ஆணிக்கும் எலும்புக்கும் ஒரு பெருவேறுபாடு உண்டு. ஆணி கருவி, தேர் ஓடும்வரை அதனைத் தேருக்கு உடையவன் நினைப்பதில்லை, தேய்ந்தால் வேறொன்று செருகுவான். எலும்போ உடலின் உறுப்பு. ஒரு மக்கட் பிரிவினரை 'முதுகெலும்பு' என்று அழைக்கும் சமுதாயம், 'நீங்கள் எம் உடல்' என்று ஒப்புக்கொள்கின்றது. ஒப்புக்கொண்டபின், உடலின் குருதி அவ்வெலும்புக்குச் செல்கின்றதா என்று கேட்க எவர்க்கும் உரிமையுண்டு. நாவால் எலும்பு என்று புகழ்ந்து, கையால் ஆணியாகப் பயன்படுத்துவதே நாம் கண்டுவரும் வழக்கம்.

யாழ்ப்பாணத்து வரலாறு இதற்குச் சான்று. எம் குடாநாட்டிலே பேராறு இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாறே உண்டு. சுண்ணாம்புக்கற் பாறையின் மீது மெல்லிய செம்மண். அதன் கீழே கிணற்று நீர். புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் இந்நீரால் விளைந்தவை. 1950களில் மண்ணெண்ணெயில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவும்வரை, இந்நீரை மேலே கொண்டுவந்தது மனித உடலே. துலாவின் மீது ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிப்போர். கிணற்றடியில் பட்டையைத் தாழ்த்தி நீரைக் கவிழ்ப்பவர். பாத்தி பாத்தியாகக் குனிந்து தண்ணீர் மாறுபவர். விடியுமுன் தொடங்கிய இறைப்பு வெயில் ஏறும்வரை நீளும். புகையிலைக்கு நீர் மட்டுமா? மண் கொத்துதல், எருப் புதைத்தல், கன்று நடுதல், களையெடுத்தல், நுனி கிள்ளுதல் என ஒவ்வொன்றும் குனிந்து செய்யும் வேலை. களையெடுப்பிலும் நடுகையிலும் குனிந்தோருட் பெரும்பாலோர் பெண்கள்; முதுகெலும்பு என்ற புகழிலே அவர்களுக்குப் பங்கே கிடைக்கவில்லை. திருவிதாங்கூர்ச் சந்தையில் யாழ்ப்பாணப் புகையிலை ஈட்டிய பணம் கல்வீடாகவும் சீதனமாகவும் கோவிற்றிருப்பணியாகவும் ஆங்கிலக் கல்விக் கட்டணமாகவும் உருமாறிற்று.

சொந்தக் காணியிலே தாமும் குனிந்து உழைத்த சிறு கமக்காரர் பலர் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், காணியே இல்லாது உழைத்தோர் நிலை வேறு. ஒல்லாந்தர் ஆட்சியில், 1707ஆம் ஆண்டு கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையிலே அடிமைகள் பற்றிய விதிகளும் இடம்பெற்றன. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என்று சாதிப் பெயராலேயே அந்நூல் அடிமைகளை வகுத்தது. 1806இல் ஆங்கிலேயர் அதனைச் சட்டமாக ஏற்றனர். 1844இல் இலங்கையில் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆனால், சட்டம் மனிதனை விடுவித்தது, காணியைக் கொடுக்கவில்லை. விடுதலை பெற்றவனின் குடிசை பழைய எசமானின் காணியிலேயே நின்றது. அவன் குடிக்கும் நீர் அவரது கிணற்றிலேயே இருந்தது. எவன் நிலத்திலே குடிசை நிற்கின்றதோ அவன் முன்னே முதுகு வளையாது என்ன செய்யும்?

வளைதல் வெறும் உவமையன்று. அது நடைமுறை விதியாகவே இருந்தது. உயர்த்தப்பட்ட சாதியார் எதிரே வந்தால் தோளிற் கிடக்கும் சால்வையை எடுத்து அரையிற் கட்டிக்கொண்டு ஒதுங்கவேண்டும். குடை பிடித்தலாகாது, செருப்பு அணிதலாகாது. பெண்கள் மேற்சட்டை அணிவதற்கும் தடை இருந்தது. தேநீர்க் கடையிலே மற்றையோர் குவளையிற் குடிக்க, இவர்களுக்குப் போத்தலிலும் தகரப் பேணியிலும் வெளியே வைத்துக் கொடுக்கப்பட்டது. தோட்டத்துக்கு நீர் இறைத்த கை குடிநீர்க் கிணற்றின் கயிற்றைத் தொடக்கூடாது என்றனர். முதுகெலும்பு என்று நாம் எழுதும் மக்களுக்கு நிமிர்ந்து நடப்பதே குற்றமாக்கப்பட்டிருந்த ஊர் இது.

பாடசாலையும் விதிவிலக்கன்று, ஆசிரியராகிய நாம் இதனை மறைத்தல் தகாது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் வாங்கில் அமரமுடியாது நிலத்திலே இருந்து படித்தனர். மடியிலே சிலேட்டை வைத்துக் குனிந்து எழுதிய அக்குழந்தைகளுக்கு எழுத்தோடு கூனலும் கற்பிக்கப்பட்டது. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் வழங்கவேண்டும் என்ற விதி வந்தபோது, அதனை எதிர்த்து மனுக்கள் எழுந்தன. பாடசாலைக் கொட்டில்கள் சில தீயிடப்பட்டன. ஒரு குழந்தை முதுகை நிமிர்த்தி வாங்கில் அமர்வதைக் காணப் பொறாது பள்ளிக்கூடத்தையே எரிக்கத் துணிந்த உள்ளங்களை வரலாறு மறைக்கவில்லை. அதே காலத்திலே, மறு பக்கமும் இருந்தது. 1924இல் மாணவர் காங்கிரசாகத் தோன்றிப் பின்னர் வாலிபர் காங்கிரசான இயக்கத்திலே ஹன்டி பேரின்பநாயகம் முதலிய இளைஞர், தம் மாநாடுகளிலே சாதி பாராது ஒருங்கிருந்து உண்டனர். 1927 நவம்பரில் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்களும் அவர்களே. படித்த இளைஞரின் துணிவு பாராட்டுக்குரியது. எனினும், குனிந்தவர் தாமே நிமிரத் தொடங்கியபோதே சமுதாயம் உண்மையில் அசைந்தது.

அந்த நிமிர்வுக்கு ஆண்டுகள் உள. 1940களில் சிறுபான்மைத் தமிழர் மகாசபை ஒடுக்கப்பட்ட மக்களை ஒன்றுதிரட்டிற்று. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிற்று. தீண்டாமையின் பெயரால் பொது இடங்களில் ஒருவரைத் தடுப்பது தண்டனைக்குரிய குற்றமாயிற்று. சட்டம் ஏட்டிலே கிடந்தது. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள், சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஓர் ஊர்வலம் புறப்பட்டது. பொலிசாரின் தடியடி பட்ட பின்னும் கலையாது முற்றவெளியை அடைந்தது. அடுத்த ஆண்டு தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவாயிற்று. சங்கானையிலும் பிறவிடங்களிலும் தேநீர்க் கடைக் கதவுகள் போராட்டத்தால் திறந்தன, உயிர்களும் பலியாயின. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாயிலிலே மக்கள் உட்கார்ந்து நுழைவுரிமை கேட்டனர். இவ்வெழுச்சியோடு இலக்கியமும் நடந்தது. சிகை அலங்காரத் தொழிலாளராக வாழ்ந்துகொண்டே எழுதிய டொமினிக் ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' 1960இல் வந்தது. 1966இல் அவர் 'மல்லிகை' இதழைத் தொடங்கினார். கே. டானியலின் 'பஞ்சமர்' 1972இல் வெளியாயிற்று. நிலத்திலிருந்து எழுதிய கைகள் நிமிர்ந்திருந்து எழுதத் தொடங்கின.

இங்கே அறிவியலின் முதல் உண்மை நினைவுக்கு வருகின்றது. முதுகெலும்பு ஓர் எலும்பன்று. பல சிற்றெலும்புகள் ஒன்றையொன்று பற்றி நிற்பது. தனியோர் எலும்பை எடுத்துத் தரையில் வைத்தால் அது வெறும் வளையம். முற்றவெளிக்குச் சென்ற மக்களில் தனித்தனியே எவரும் பெருவீரரல்லர்; மறுநாள் காலை வேலைக்கு யாரிடம் போவது என்று அஞ்சியவர்களே. அவர்கள் சேர்ந்து நின்றமையே நிமிர்வாயிற்று. வளையாதவனே முதுகெலும்புடையவன் என்னும் வழக்கமான புகழுரையும் பாதியே உண்மை. வயிற்றுக்காக ஆண்டுக்கணக்கில் வளைந்தவர்களைக் கோழைகள் என்று சொல்ல எமக்கு உரிமையில்லை. வளைந்தும் முறியாதிருந்து, காலம் வந்தபோது நிமிர்ந்தமையே அவர்களின் முதுகெலும்பு.

குடாநாட்டுக்கு வெளியேயும் இதே சொல் இதே வஞ்சகத்தைச் செய்தது. இலங்கைப் பொருளாதாரத்தின் முதுகெலும்பு என மலையகத் தோட்டத் தொழிலாளர் போற்றப்பட்டனர். கூடையின் பாரம் அவர்தம் முதுகிலேயே தொங்கிற்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என எண்ணிக்கையாகப் பங்கிட்டது. முதுகெலும்பை அறுத்துப் பங்கிட்டு வாழும் உடலை உயிர்நூல் கண்டதில்லை, அரசியல் கண்டது. நாமும் நெஞ்சிற் கைவைத்துப் பார்க்கவேண்டும்: அவர்களை 'எம் இனம்' என்று மேடையிற் கூறிய யாழ்ப்பாணம், தன் வீட்டுச் சமையற்கட்டில் அவர்தம் பிள்ளைகளை எவ்வாறு நடத்தியது?

கமக்காரனுக்கும் இதுவே கதை. 1970க்கும் 1977க்கும் இடையே இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, எம் மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை பெற்றன, தோட்டங்கள் தழைத்தன. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்ததும் சந்தை சரிந்தது. பின்னர் போர் வந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடு துறந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, ஒவ்வொரு குடும்பமும் தன்னால் இயன்றதை முதுகிலும் தலையிலும் சுமந்தது. நடக்கவியலாத முதியோரைப் பிள்ளைகள் முதுகிற் சுமந்தனர். அன்று சாதியை எவரும் கேட்கவில்லை என்பர். நீர் கொடுத்த சில கிணறுகளில் அன்றும் கேட்டனர் என்று கூறுவோரும் உளர்.

போர் எமக்கு இன்னொன்றையும் கற்பித்தது. எறிகணைச் சன்னம் முண்ணாணை அறுத்ததால் இடுப்பின் கீழ் உணர்விழந்து சக்கர நாற்காலியில் வாழ்வோர் வடக்கெங்கும் உளர். அவர்களுட் பலர் தையலோ கோழி வளர்ப்போ செய்து குடும்பத்தைத் தாங்குகின்றனர். கோழையைச் சுட்ட 'முதுகெலும்பில்லாதவன்' என்று நாம் எளிதாக எழுதும் சொல், அவர்கள் வீட்டுப் பிள்ளையின் காதில் எவ்வாறு விழும் என்று நாம் எண்ணியதுண்டா? எலும்பு முறிந்தும் நிமிர்ந்து வாழ்வோர் அவர்கள். எலும்பு முழுதாயிருந்தும், பதவியின் முன்னே குனிந்து நிற்போரை நாம் நாள்தோறும் காண்கின்றோம். உருவகம் எலும்பைப் பற்றியதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

இனி, அம்மாணவனுக்கு நாம் கூறும் விடை இது. தம்பி, உன் தந்தை குனிந்து நிற்பது உண்மை. பயிருக்குக் குனிவது இழிவன்று. மண்ணை நோக்கிக் குனியும் முதுகு மாலையில் நிமிரும், இரவிலே தன் உயரத்தை மீட்டுக்கொள்ளும். மனிதன் முன்னே குனியவைக்கப்படுவதே இழிவு. அந்த இழிவு குனிந்தவனுடையதன்று, குனியவைத்தவனுடையது. விவசாயி நாட்டின் முதுகெலும்பு என்று நீ இனியும் எழுது. ஆனால், அதன் அடுத்த வாக்கியத்தையும் எழுதப் பழகு: அவ்வெலும்புக்குக் குருதி சென்றதா? அவனுக்குக் காணி உண்டா, கிணறு உண்டா, விளைவுக்கு விலை உண்டா, அவன் பிள்ளைக்கு வகுப்பிலே முன்வாங்கு உண்டா?

அவ்வடுத்த வாக்கியத்தை எழுதும் தாளின் கீழேதான் நாம் இனி 'நன்று' என்று கோடிடுவோம்.